நிறுத்துகிற கை

சவரிநாதன் பேசும்போது அவருடைய வலது கை வெளியே இருக்காது. நான்கு விரல்களையும் இடது அக்குளுக்குள் செருகி, கட்டை விரலை மட்டும் சட்டைக்கு மேலே விட்டு, இடது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். தெருக் குழாயடியில் நின்றாலும் அப்படித்தான், கோயிலில் பிரசங்கம் கேட்டாலும் அப்படித்தான். பீடி இடது கையில். இருதயம்மாள் கடையில் வெற்றிலை வாங்குவதும் இடது கையில். "அய்ய, சோத்துக் கைய நீட்டுய்யா" என்று அவள் தினமும் திட்டுவாள்.

"வேலைக் கைம்மா இது. சும்மா வெளிய சுத்தினா கெட்டுப்பூடும்" என்பார் சிரிக்காமல்.

துறைமுகத்தில் அவருக்குக் கை காட்டும் வேலை. கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் திறந்த வாய் ஓரமாக நிற்க வேண்டும். சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவனுக்குக் கீழே அறைக்குள் நடப்பது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் சவரிநாதனின் கை ஒன்றுதான். உள்ளங்கை வானத்தைப் பார்த்தால் தூக்கு. தரையைப் பார்த்தால் இறக்கு. கையை முழுக்க நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை விஞ்சுக்காரன் முகத்துக்கு நேராகக் காட்டினால் நிறுத்து. கீழே எட்டுப் பேர் தலைக்கு மேல் இரண்டு டன் இரும்பு தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வீட்டையும் அவர் அப்படியே நடத்தினார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் எதிர் வரிசையில் அவர் வீடு. மாலையில் எங்கள் வாசலில் நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் சாப்பிடுவது தெரியும். மூன்று பெண் பிள்ளைகளும் தட்டு முன்னால் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை திரும்பும், பிறகுதான் முதல் கவளம். அவர் உள்ளங்கையைக் காட்டிவிட்டால் சின்னது வாயில் வைத்த சோற்றோடு அப்படியே உறைந்துபோகும். "சவரி வூட்டுப் பூனைகூட சிக்னல் வுழுந்தாதான் பால் குடிக்கும்" என்று தெருவில் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை, எரிச்சலாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கையெழுத்துப் பிரதி போல அச்சடித்த சின்னப் பத்திரிகைகளில் வரும் புதுக்கவிதைகளை, ஏன், எதற்கு, யார் நீ என்று எல்லாரையும் கேட்கிற கவிதைகளை, மனப்பாடமாக வைத்திருந்தேன். மூன்று பெண் குழந்தைகளைப் பொம்மைகளாக ஆட்டிவைக்கிற மனிதர் என்று அவரைப் பற்றி முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்கிற ஆள் இல்லை.

மூத்தவள் ஐரீன் எட்டாம் வகுப்பு. அவள் படித்த பள்ளியில்தான் நான் எழுத்தராக இருந்தேன்.

பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் ஜேக்கப் சாருக்கு அந்த வட்டாரத்தில் பெரிய மரியாதை. நுழைவாயிலுக்கு மேலே ஆள் உயர எழுத்தில் 'ஒழுக்கம்' என்று எழுதி வைத்திருந்தார். எழுத்து மங்கினால் உடனே பெயிண்ட் அடித்துவிட வேண்டும். கழிப்பறைக் கதவு ஒடிந்து இரண்டு வருடமாகியும் மாறவில்லை. ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் பியூன் வேம்பு கேட்டைச் சாத்துவார். அதற்குப் பிறகு வருகிற பிள்ளை முட்டி போட வேண்டும். எங்கே? புது வகுப்பறை கட்டக் கொட்டி வைத்திருந்த கருங்கல் ஜல்லியின் மேல். முதல் தாமதத்துக்குக் கால் மணி. இரண்டாவதுக்கு அரை. மூன்றாவதுக்கு முக்கால். இந்தக் கணக்கை அழகாகக் கட்டம் போட்டு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான்.

அறுபத்தொன்பதாம் வருடம், பிப்ரவரி கடைசி வாரம். ஆறாம் வகுப்பு நீலா மூன்றாம் முறையாகத் தாமதமாக வந்தாள். அவள் அம்மா குப்பம்மா காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிறவள். படகு கரைக்கு வருகிற நேரம் எந்தப் பள்ளியின் மணியையும் கேட்டு வருவதில்லை. படகு வந்து, ஏலம் முடிந்து, கூடை தலைக்கு ஏறுகிற வரை சரக்குக்குக் காவல் நீலாதான். அதற்கப்புறம் ஓடி வருவாள். பாவாடையில் செதில் ஒட்டியிருக்கும். இதெல்லாம் ஜேக்கப் சாருக்குத் தெரியாதா? தெரியும். குப்பம்மாவிடம் வாரம் இரண்டு முறை மீன் வாங்குகிறவர் அவர்.

"முக்கால் மணி. கையைத் தூக்கு" என்றார்.

ஜல்லி மேல் முட்டி. இரண்டு கையும் தலைக்கு மேல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கை தாழும்போதெல்லாம் பிரம்பால் முழங்கையில் ஒரு தட்டு. அரை மணிக்கு மேல் ஆனதும் நீலாவின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. முட்டியிலிருந்து ரத்தம் கசிந்து ஜல்லியில் இறங்கியது. ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலிஸ் டீச்சர் ஒரு முறை வெளியே பார்த்தார், பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏற்கெனவே எழுதியதன் மேலேயே மறுபடி எழுதினார். வேம்பு தண்ணீர்ப் பானையை எடுத்தார், வைத்தார், மூடியைச் சரி செய்தார். அலுவலக ஜன்னல் ஜல்லிக் குவியலுக்கு நேர் எதிரே. நான் பேனாவில் மை நிரப்பினேன். நிரம்பியிருந்த பேனாவில்.

ஜேக்கப் சார் பிரம்பை ஓங்கியபோது ஐரீன் வகுப்பிலிருந்து இறங்கி வந்தாள். ஓடவில்லை. நடந்து வந்து, அவருக்கும் நீலாவுக்கும் நடுவே நின்று, வலது கையை முழுக்க நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன. உள்ளங்கை அவர் முகத்துக்கு நேராக.

"யோவ், நிறுத்து!"

பிரம்பு அந்தரத்தில் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. அவள் அவரைத் தொடவில்லை, ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. நீலா ஒரு பக்கமாக விழுந்தாள். வேம்பு பானையோடு ஓடினார்.

பதினைந்து நிமிடம் கழித்து ஜேக்கப் சார் எனக்குக் கடிதம் சொன்னார். அவர் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது, அவமானத்தால். "தங்கள் மகள் ஐரீன், பள்ளி வளாகத்தில், அனைவர் முன்னிலையிலும், தலைமையாசிரியரை அடிக்கக் கை ஓங்கினாள்…"

என் பேனா நின்றது.

"என்ன?"

"ஒன்றுமில்லை சார்."

எழுதினேன். நாளைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தந்தை நேரில் வந்து, அனைவர் முன்னிலையிலும் தம் கையாலேயே மகளுக்குப் பன்னிரண்டு அடி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ். இதுவும் எங்கள் பள்ளியின் வழக்கம். அப்பன் கையால் அடி விழுந்தால்தான் பிள்ளைக்கு உலகத்தில் போக வேறு இடம் இல்லை என்று புரியும் என்பது ஜேக்கப் சாரின் சித்தாந்தம். இப்படி அடித்த அப்பன்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டு அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் சவரிநாதன் என் வாசலுக்கு வந்தார். இடது கையில் கடிதம்.

"தம்பி, கொஞ்சம் வூட்டாண்ட வா. இத்தப் படிச்சுச் சொல்லு."

படித்தேன். ஐரீன் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் அம்மா வியாகுலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பரீட்சைக்கு ஒன்ற மாசம்தான் கீது" என்றாள் வியாகுலம்மாள். "இப்ப சர்டிபிகேட்டக் குடுத்துட்டா எந்த இஸ்கூல்ல சேத்துக்குவான்? ஒரு வருசம் பூடும். நாலு அடிய அடிச்சிட்டு வந்துடுய்யா. பெத்தவன் அடிச்சா ஒட்டிக்குமா?"

அவர் மகளைப் பார்த்தார்.

"இன்னா பண்ண? செஞ்சு காட்டு."

ஐரீன் கையை நீட்டிக் காட்டினாள்.

"கட்ட வெரலு மடங்கிகினு கீது."

அவள் விரலை நிமிர்த்தினாள்.

"இப்ப சர்யா கீது. எதுக்குக் காட்ன?"

"அது சாயுது நைனா. முட்டியெல்லாம் ரத்தம். கண்ணு சொருகிக்கிச்சு. அவுரு பாக்கவே இல்ல, பெரம்பத்தான் பாத்துகினு இருந்தாரு."

"வாயால இன்னா சொன்ன?"

அவள் தயங்கினாள். "யோவ் நிறுத்துன்னேன்."

"யோவா?" அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "வாத்யாரப் போய் யோவ்னியா? எவன்டீ உனக்கு அப்டி சொல்லிக் குடுத்தது? இந்த வூட்ல எவனாவது யாரையாவது யோவ்னு கூப்புட்டுக் கேட்டிருக்கியா?"

"அம்மா உன்ன டெய்லி கூப்புடுது" என்றது நடுப்பெண்.

வியாகுலம்மாள் அழுகையோடே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா தம்பி? கை ஓங்குச்சா, காட்டுச்சா?"

"நான் ஆபீஸ்ல இருந்தேன்…"

"ஆபீஸ் ஜன்னலு ஜல்லியாண்டதான கீது."

நான் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை நானூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நீலா வரவில்லை. சவரிநாதன் வேலைக்குப் போகிற காக்கிச் சட்டையோடு வந்து, வலது கை இடது அக்குளில் செருகியிருக்க, மேடைக்கு முன்னால் நின்றார். ஜேக்கப் சாருக்கு அது கை கட்டி நிற்பதாகத் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளைகளே, பாருங்க. மகள் செய்த தப்புக்கு அப்பா எப்படிக் கை கட்டி நிக்கறார் பாருங்க. இதுதான் மரியாதை." பிறகு பிரம்பை நீட்டினார். "சவரி, நீயே குடு. இந்தப் பொண்ணைச் சேர்க்க வந்த அன்னிக்கு என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உங்க பாடுன்னு சொன்ன."

"சொன்னேன் சார். தப்பா கை காட்டிட்டேன்."

பிரம்பை இடது கையால் வாங்கினார். பார்த்தார். பக்கத்தில் நின்ற வேம்புவிடம் கொடுத்துவிட்டார். வேம்பு அதை என்ன செய்வதென்று தெரியாமல் குடை போலப் பிடித்துக்கொண்டார்.

"ஐரீன், முன்னால வா. சாரு கிட்ட மன்னாப்பு கேளு."

அவள் வந்தாள். "யோவ்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க சார். இனிமே சொல்ல மாட்டேன்."

"கை ஓங்கினதுக்கு?" என்றார் ஜேக்கப் சார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அதுக்குக் கேக்காத" என்றார் சவரிநாதன். "அது ஓங்கல சார். அது ஸ்டாப்பு. எங்க வேலைல நிறுத்தறதுக்கு அப்டித்தான் காட்டுவோம். புள்ள அத்தப் பாத்து வளந்துது. வேற மாதிரி அதுக்குத் தெரியாது."

"இது கப்பல் இல்ல சவரி, பள்ளிக்கூடம். இங்க கை காட்டறவன் நான்."

"ஆமா சார். தூக்குன்றதுக்கும் எறக்குன்றதுக்கும் நீங்கதான். வேற எவன் காட்டினாலும் தப்பு, நானே அடிப்பேன். ஆனா நிறுத்தறதுக்கு மட்டும் எவன் வேணா காட்டலாம் சார். ரூலு அது. கீழ பெருக்கிகினு இருக்கறவன் காட்டினாக்கூட விஞ்சு நிக்கணும். மொதல்ல நிக்கணும். அப்பறமா, ஏன்டா காட்னேன்னு கேக்கலாம். தப்பாக் காட்டியிருந்தா நல்லாத் திட்டலாம். ஆனா நின்னுட்டுத்தான் சார் திட்டணும்."



ஜேக்கப் சார் அதற்குப் பதில் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபத்தோடு இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. 'ஒரு கூலிக்காரன்' என்று ஆரம்பித்தார். ஒரு கூலிக்காரன் பள்ளியில் வந்து சட்டம் பேசுகிறான், இவன் மகள் இப்படித்தான் இருப்பாள், குப்பத்துப் பெண்ணோடு சேர்ந்தால் வேறெப்படி இருப்பாள் என்று பத்து நிமிடம். முந்திய நாள் ஜல்லியில் கசிந்த ரத்தத்தைப் பற்றி அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சொல் இல்லை. ஆசிரியர்கள் பதினோரு பேர் நின்றிருந்தார்கள், என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. எல்லாருமே பார்த்தவர்கள். ஆலிஸ் டீச்சரின் உதடு ஒரு முறை அசைந்தது. சவரிநாதன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் பார்வை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, அடுத்தவரிடம் போய்விட்டது. 'இந்தத் தம்பி பார்த்தது, கேளுங்கள்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"சர்டிபிகேட்ட வாங்கிக்கிட்டுப் போ."

"சரி சார்" என்றார். கை அக்குளிலேயே இருந்தது.

அன்று முற்பகலிலேயே மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். நடத்தை என்ற இடத்துக்கு வந்ததும் ஜேக்கப் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். 'திருப்தி இல்லை' என்றார். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது. மேசை இழுப்பறையில் ஒரு கவிதைப் பத்திரிகை கிடந்தது. அதிகாரத்தைப் பற்றி அதில் ஒரு நல்ல கவிதை வந்திருந்தது.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை. என் எழுத்தைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் கையை விரித்தார்கள். பரீட்சை போயிற்று. வியாகுலம்மாள் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. நீலாவும் பள்ளிக்குத் திரும்ப வரவில்லை. குப்பம்மா மட்டும் வந்தாள். கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யோவ் எட்மாஸ்டரு, என்னாண்ட மீனு வாங்கித் துன்னு துன்னு ஏத்தின கொழுப்ப எம் பொண்ணு முட்டிலயா எறக்கற? இனி எங்கூடையாண்ட வந்து பாரு, செவுளாலயே சாத்தறேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். வேம்பு கேட்டைச் சாத்தவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் திறந்தே வைத்திருந்தார். அந்த மாதம் எங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களில் யாராவது துணிச்சலாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் சவரிநாதன் வீட்டு வாசலில் வாழை இலையில் சுற்றிய மீன் இருக்கும்.

ஜூன் மாதம் அவர்கள் திருவொற்றியூருக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு பள்ளி, நடத்தை என்ற இடத்தைப் படித்த பிறகும், ஐரீனை மறுபடி எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. நடந்தே துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு தினமும் அத்தனை தூரம் சைக்கிள் மிதித்தார். ஐரீன் ஒரு வருடம் தாமதமாகத் தேறினாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பள்ளியில் அறை கட்டி முடிந்தது, மீதி ஜல்லி அங்கேயே கிடந்தது. முட்டி போடுவதும் நடந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

நான்கு வருடம் கழித்து, போன ஆண்டு, கோதண்டம் என்ற துறைமுகத் தொழிலாளி தன் மகளுக்கு வயதுச் சான்று வாங்க அலுவலகத்துக்கு வந்தார். சவரிநாதனோடு ஒரே கும்பலில் வேலை பார்த்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அத்தனை நாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன். நிறுத்துவதற்கு யார் வேண்டுமானாலும் கை காட்டலாம் என்று துறைமுகத்தில் சட்டம் உண்டாமே?

"ரூலா?" கோதண்டம் சிரித்தார். "யாரு சொன்னது? மத்த கப்பல்ல போய் எவனாவது காட்டிப் பாக்கட்டும், பல்லு இருக்காது. அது சவரி நிக்கற எடத்துல மட்டும்தான் தம்பி. அது போட்ட ரூலு அது. கை காட்டற வேலைக்கு வந்த மொத நாளே எங்க எல்லாரையும் கூப்ட்டுச் சொல்லிச்சு."

ஏன் என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

சவரிநாதன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐம்பத்தாறில், கீழே அறைக்குள் மூட்டை அடுக்குகிறவராக இருந்தாராம். ஒரு நாள் சங்கிலி நழுவுவது போலத் தெரிந்து, மேலே நிற்கிறவர்களுக்குக் கை காட்டியிருக்கிறார். சங்கிலி சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி இறங்கி வந்து, 'கை காட்ட நீ யார்ரா?' என்று எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டார். மறுநாள் ஒரு மரப்பெட்டி இறங்கும்போது சங்கிலி உண்மையாகவே நழுவியது. கீழே ஜார்ஜ் என்று ஒருவர், கல்யாணமாகி மூன்று மாதம், குனிந்து நின்றிருந்தார்.

"சவரி பாத்துச்சு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். கைய இம்மாந்தூரம் தூக்கிச்சு" என்று கோதண்டம் தன் கையை மார்பு வரை உயர்த்திக் காட்டினார். "மேல மேஸ்திரி மொறச்சான். ஒடனே கைய அக்குள்ல சொருகிக்கிச்சு. பொட்டியத் தூக்கி ஜார்ஜ வெளிய எடுக்கற வரிக்கும் அந்தக் கை அங்கயேதான் இருந்துது."